குழந்தைக்கு எத்தனை மாசம்? பிரசவத்துக்குப் பின் வந்த தைராய்டு கோளாறு: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பெண்ணின் கதையை அவரது சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் எதையும் மாற்றவில்லை.

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பொதுமருத்துவராக இருக்கிறேன். அவருக்கு வயது 27. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவர். கணவருக்குத் திருப்பூரில் வேலை. சிசேரியன் ஆகி நான்காவது மாதம், குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு வர, பின்னாலேயே இவர் வந்தார். நாற்காலியில் உட்காருவதற்குள் மூச்சு வாங்கியது. வைகாசி வெயில் என்றாலும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவரின் நெற்றியில் வேர்வை வடிந்துகொண்டே இருந்தது. நாடித்துடிப்பு 112. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, அவர் கொண்டுவந்த ரத்தப் பரிசோதனைத் தாளையே புறங்கையின் மேல் வைத்தேன். காற்றே படாமல் அந்தத் தாள் சரசரவென்று ஆடியது.

அந்தத் தாளில் டி.எஸ்.எச். 0.01. தைராய்டை வேலை செய்யச் சொல்லிப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் அது இறங்கும், குறைந்தால் ஏறும். சாதாரணமாக 0.4க்கும் 4க்கும் நடுவில் இருக்க வேண்டியது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 2.9, அதாவது மேல் வரம்பைத் தாண்டி எங்கேயோ. இரண்டு வாரத்துக்கு முன்பு வேறோர் இடத்தில் எடுத்தது. அங்கேயே "தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது" என்று சொல்லி கார்பிமசோல் 10 மில்லிகிராம், காலையும் இரவும் கொடுத்திருந்தார்கள். படபடப்பு குறையவில்லை என்று என்னிடம் வந்திருந்தார்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சைக்குழந்தையோடு இருப்பவர்களுக்குக் கிழமையே மறந்துபோகும், தேதியை எங்கே நினைவு வைத்திருப்பது? அப்போதுதான் அம்மாவின் பையிலிருந்து தடுப்பூசி அட்டை எட்டிப் பார்த்தது. அதை வாங்கி மேசையில் விரித்து, ஒவ்வொரு ஊசியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆறாவது வார ஊசி போட்டப்போ எப்படி இருந்தே? "நல்லாத்தான் இருந்தேன் மேடம்." பத்தாவது வாரம்? கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு ராத்திரி குழந்தை ஊசி வலியில அழுதான். அவன் தூங்கினப்புறமும் எனக்குத் தூக்கம் வரல. ஒடம்பெல்லாம் திகுதிகுன்னு எரிஞ்சுச்சு." பதினாலாவது வாரம்? "அன்னிக்கு நர்ஸம்மா குழந்தையோட தொடையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னாங்க. கை நடுங்குச்சு, பிடிக்க முடியல. அம்மாதான் பிடிச்சாங்க."

நோயின் நாட்குறிப்பு அந்த அட்டையிலேயே கிடைத்துவிட்டது. பத்தாவது வாரத்தில் தொடங்கி, பதினாலாவது வாரத்தில் உச்சம்.

பிரசவத்துக்குப் பின் 58 கிலோ இருந்தவர் 51க்கு இறங்கியிருந்தார். "பால் குடுக்கிற ஒடம்பு, எளைக்கத்தானே செய்யும்னு இருந்துட்டோம் டாக்டரம்மா" என்றார் அம்மா. குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை பெற்றவள் இளைத்தாலும், குண்டானாலும், முடி கொட்டினாலும், அழுதாலும், தூங்காவிட்டாலும், தூங்கிக்கொண்டே இருந்தாலும் நம் வீடுகளில் ஒரே பதில்தான் இருக்கிறது: பிள்ளை பெத்த ஒடம்பு அப்படித்தான். அந்த அம்மாவே பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது நான்காவது கேள்வியில்தான் தெரிய வந்தது.

தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்ததும் பிரசவமான பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்பதுதான். விடை இரண்டு, மூன்று, நான்கு மாதம் என்றால், சுரப்பி அதிகம் வேலை செய்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் அங்கே நடப்பது வேறு: பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி.

கர்ப்ப காலத்தில் தாயின் நோய் எதிர்ப்பு சக்தி சற்றே அடங்கியிருக்கும். பாதி அப்பாவின் அம்சமாக உள்ளே வளரும் குழந்தையை அது அந்நியமாக நினைத்துத் தாக்கிவிடக் கூடாதல்லவா? பிரசவம் முடிந்ததும் அந்த அடக்கம் நீங்கி, எதிர்ப்பு சக்தி பழைய வேகத்தைவிடக் கூடுதலாகவே எழும்பும். ஏற்கெனவே தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும் பெண்களுக்கு, அந்த எழுச்சி நேராகத் தைராய்டின் மேல் பாயும். சுரப்பிக்குள் வாரக்கணக்குக்கு வேண்டிய ஹார்மோன் சேமிப்பில் இருக்கும், வீட்டுக் குதிரில் நெல் இருப்பதுபோல. குதிரின் சுவர் உடைந்தால் நெல் வாசல்வரை கொட்டிக் கிடக்கும். பார்ப்பவர்கள் அமோக விளைச்சல் என்று நினைப்பார்கள். வயலில் விளைச்சலே நின்றுபோயிருக்கும். கொட்டியது தீர்ந்ததும் குதிர் காலி.

அதனால்தான் இந்த நோய்க்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு முகங்கள். பிரசவத்துக்குப் பின் ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஹார்மோன் மிகையாகத் தெரியும். அப்புறம் நான்கு முதல் எட்டு மாதம் வாக்கில் குறைபாடு. பலருக்கு ஒரு வருடம் நிறைவதற்குள் சரியாகிவிடும். எல்லோருக்கும் இரண்டு முகமும் வருவதில்லை. சிலர் படபடப்போடு தப்பிப்பார்கள், சிலர் நேராகக் குறைபாட்டில் போய் நிற்பார்கள். இந்தப் பெண்ணுக்கு இரண்டும் வரிசையாக வந்தன.

கார்பிமசோல் புது ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் மருந்து. விதைப்பதை நிறுத்தலாம், உடைந்த குதிரிலிருந்து கொட்டுவதை அதனால் நிறுத்த முடியாது. அதனால் இந்த நோயில் அதற்கு வேலையில்லை. அபூர்வமாக ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்தும் அந்த மருந்துக்கு உண்டு.

ஆனால் இது, சுரப்பி நிஜமாகவே அதிகம் சுரக்கும் கிரேவ்ஸ் நோயாக இருந்தால் கார்பிமசோல் வேண்டும். அதுவும் பிரசவத்துக்குப் பின் தலைகாட்டும் நோய்தான், பொதுவாகச் சற்றுத் தாமதமாக வரும். எனவே எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. கண்கள் பிதுங்கவில்லை. கழுத்தில் சுரப்பி சற்றே வீங்கி, கெட்டியாக, வலியில்லாமல் இருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் ரத்த ஓட்ட இரைச்சல் இல்லை. ஸ்கேன் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் அதற்குக் கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்த வேண்டும். டெக்னீசியம் என்றால் கொஞ்ச நேரமாவது பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டிவரும், அயோடின் 131 பாலூட்டும் தாய்க்குக் கூடவே கூடாது. ரத்தப் பரிசோதனையிலேயே போதிய வழி இருந்தது. கிரேவ்ஸ் நோய்க்குரிய டி.எஸ்.எச். ஏற்பி எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தது. தைராய்டுக்கு எதிரான ஆன்டி டி.பி.ஓ. எனும் எதிர்ப்பொருள் 780, வரம்பைவிடப் பல மடங்கு. டி4 ஏற்கெனவே 2.1க்கு இறங்கத் தொடங்கியிருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி என்று உறுதியானது.

கார்பிமசோலை நிறுத்தினேன். ஆஸ்துமா இல்லை என்று கேட்டுக்கொண்டு, படபடப்புக்கு மட்டும் புரோப்ரனலால் 10 மில்லிகிராம், மூன்று வேளை. பாலூட்டும்போது கொடுக்கலாம். மூன்றே வாரத்தில் அதையும் நிறுத்த முடிந்தது. ஐந்தாம் மாதம் முடிகிற சமயம் நாடி 82, டி4 சரியான அளவில். அவர் முகத்தில் சிரிப்பு. "ஆறு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்மா" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு திருப்பூருக்குக் கிளம்பிப் போனார். அந்த டெஸ்டை எடுக்கவில்லை.

இதில் என் தவறு இருக்கிறது. ஆறு வாரம் என்று எழுதினேனே தவிர, எதற்கு என்று சொல்லவில்லை. "இப்ப ஓடி ஓடி அடங்கின மாதிரி இருக்கும். இன்னும் ரெண்டு மூணு மாசத்துல இதுக்கு நேர்மாறா வரலாம். எந்திரிக்க முடியாது, குளிரும், மலம் போகாது, எதிலயும் மனசு ஒட்டாது. வந்தா அது இதோட தொடர்ச்சிதான், புது நோய் இல்ல" என்று ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது யாரும் மூன்று பஸ் மாறி ரத்தம் கொடுக்கப் போகமாட்டார்கள். அப்போதிருந்து இந்த நோய் உள்ள ஒவ்வொரு தாயிடமும் கணவரையும் உட்கார வைத்து இதைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த ஊருக்கு வந்தார்கள். மகளைப் பார்த்த அம்மாவுக்குத் திக்கென்றது. மறுநாளே கூட்டி வந்தார்.

எனக்கே அடையாளம் தெரியச் சிறிது நேரம் பிடித்தது. 51 கிலோவில் போனவர் 64இல் வந்திருந்தார். முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே தளும்பியது. குரல் கனத்து, தொண்டை கட்டியதுபோல் ஒலித்தது. நாடி 58. நாற்காலியில் முழங்காலிட்டுத் திரும்பி நிற்கச் சொல்லி, குதிகால் தசைநாணில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பாதம் சட்டென்று உதறியது. திரும்பி வரும்போதுதான் ஆறஅமர, தண்ணீரில் மிதக்கும் இலைபோல மெதுவாக வந்தது. தைராய்டு குறைந்த உடம்பில் மட்டுமே அப்படிப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாவிட்டாலும், பார்த்த பிறகு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் பதற்றம் எனக்கு இல்லை.

திருப்பூரில் அந்த நான்கு மாதமும் எப்படிப் போனது என்பதை அவர் மெல்ல மெல்லச் சொன்னார். சோம்பேறி என்ற பேச்சு. பால் குறைந்துவிட்டது என்று டப்பா பால் ஆரம்பித்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிரசவமான மூன்றாம் நான்காம் மாதம் எல்லாத் தாய்மாருக்குமே முடி கொட்டும், பிறகு தானாக முளைக்கும். இவருக்கு நிற்கவே இல்லை. கடைசியாக ஒன்று சொன்னார்: "குழந்தை அழுறது காதுல விழுது மேடம். எந்திரிக்கணும்னு தெரியுது. ஒடம்பு வரமாட்டேங்குது. நான் நல்ல அம்மா இல்லையோன்னு தோணுது."

எடின்பரோ வினாப்பட்டியல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது. 1987 முதல் உலகம் முழுவதும் பிரசவித்த தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. அவருக்கு மொத்தம் 30க்கு 16 வந்தது. 13 வந்தாலே கவனிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்றார். எனக்கும் மூச்சு வந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். தைராய்டு சரியானால் மனசும் தானே சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அதேபோல, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு என்று வரும் எந்தப் பெண்ணுக்கும் டி.எஸ்.எச். பார்க்காமல் விடவும் கூடாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் கேட்டேன். முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா? ஆமாம், பயோட்டின். ஆய்வகங்களில் பயன்படும் சில தைராய்டு பரிசோதனை முறைகளைப் பயோட்டின் ஏமாற்றிவிடும். டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், டி4 அதிகமாகவும் காட்டும். குறைபாட்டில் தவிக்கும் பெண்ணுக்கு "எல்லாம் நார்மல்" என்று தாள் வந்துவிடக்கூடும். அதை நிறுத்தி மூன்று நாள் கழித்து எடுத்தோம். டி.எஸ்.எச். 74. ஃப்ரீ டி4 0.3. ஹீமோகுளோபின் 9.8.

பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் போன பெண்களுக்குப் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டுத் தைராய்டு குறைவதும் உண்டு, ஷீஹான் நோய். அதில் டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். ஏறாது, பாலும் ஆரம்பத்திலிருந்தே சுரக்காது. இவருக்கு டி.எஸ்.எச். 74 என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் தொடங்கினேன். பாலூட்டும்போது சாப்பிடலாமா என்று மாமியார் போனில் கேட்டார். தாராளமாக. உடம்பில் இல்லாமல் போன அதே ஹார்மோனைத்தான் கொடுக்கிறோம். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, ஏற்கெனவே சாப்பிட்டுவந்த கால்சியம் தொடரட்டும் என்று எழுதினேன்.

ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். ஒற்றை இலக்கத்துக்கு வந்திருக்க வேண்டும், வராவிட்டாலும் பக்கத்திலாவது. வந்தது 38. மாத்திரையை விட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினால் கணக்கு சரியாக இருந்தது. ஒருநாள்கூட விடவில்லை. "காலையில எந்திரிச்சதும் எப்படிச் சாப்பிடுறேன்னு செஞ்சு காட்டும்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அடுப்படி அலமாரியில் மூன்றும் வரிசையாக இருக்கும். ஆறு மணிக்கு டிகாஷன் இறங்கியதும் ஒரு டம்ளர் காப்பி. அந்தக் காப்பியிலேயே தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம், மூன்றும் ஒரே வாயில். மறக்காமல் இருக்கத்தான் அப்படி.

காப்பி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரும்பும் கால்சியமும் அதைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் பிரசவித்த தாய்மாருக்கு ஆறு மாதத்துக்கு இரும்பு, கால்சியம் மாத்திரை கொடுத்தனுப்புகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அதே மாதங்களில்தான் இந்தத் தைராய்டு குறைபாடும் வருகிறது. மூன்று மாத்திரையும் ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் சந்திக்கும் என்பதை மருந்து எழுதுகிற நாங்கள்தான் யோசிக்க வேண்டும். நான் எழுதிய சீட்டில் நேரம் போடவில்லை.

வழியை அவரே கண்டுபிடித்தார். குழந்தை விடியற்காலை நான்கு மணிக்குப் பாலுக்கு எழுந்துவிடும். அப்போது தலைமாட்டில் இருக்கும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. ஆறு மணிக் காப்பிக்கு எந்தத் தடையும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவு கால்சியம். அதே 75 மைக்ரோகிராம்தான், ஒரு துளி கூட்டவில்லை. குழந்தையின் முதல் பிறந்தநாள் வாரத்தில் டி.எஸ்.எச். 5.1, அடுத்த ஆறு வாரத்தில் 2.6. மலச்சிக்கல் முதலில் போனது, அப்புறம் முக உப்பல், கடைசியாக முடி. வினாப்பட்டியல் மதிப்பெண் 6. மனநல மருத்துவர் தந்த ஆலோசனைக்கும் அதில் பங்கு உண்டு.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். வேகவைத்து அளவாகச் சாப்பிடுவதில் ஒன்றும் ஆகாது. வழக்கமான அயோடின் உப்பு போதும். அயோடினைத் தனியாகக் கூட்டிச் சாப்பிடுவதுதான் இந்த நோயில் வேண்டாத வேலை.

இந்த நோயை வெகு நாளைக்கு முன்பே ஒருவர் பார்த்திருக்கிறார். 1948இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ராபர்டன் என்ற பொதுமருத்துவர், பிரசவத்துக்குப் பின் சோர்வு, குளிர், முடி மாற்றம் என்று வந்த பெண்களுக்குத் தைராய்டு சாறு கொடுத்துக் குணமானதை எழுதினார். இன்றைய தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் இல்லாத காலம், அந்தப் பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டே கண்டுபிடித்தார். பிறகு அது மறக்கப்பட்டது. 1982இல் ஜப்பானில் அமினோ குழுவினர் பிரசவித்த பெண்களை வரிசையாகப் பரிசோதித்து, நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இது வருவதாகக் காட்டிய பிறகுதான் உலகம் கவனித்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஆன்டி டி.பி.ஓ. இருப்பவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். முதல் வகை சர்க்கரை நோய் உள்ள தாய்மாருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

என்னை உறுத்துவது அந்த அட்டைதான். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம். இந்த நோய் வந்துபோகும் பாதையிலேயே அந்தத் தேதிகள் விழுகின்றன. குழந்தையைச் சுமந்துகொண்டு தாய் சுகாதார நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையை எடை பார்க்கிறோம், ஊசி போடுகிறோம், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். கையில் நடுக்கத்தோடு குழந்தையின் தொடையைப் பிடிக்க முடியாமல் நின்றவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தூங்குகிறாயா, படபடப்பு உண்டா, குளிருகிறதா, மனசு எப்படி இருக்கிறது, வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா. ஊசி போடும் கிராம சுகாதார செவிலியர்களிடம் எங்கள் பகுதியில் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

பதினைந்தாம் மாதம், பலருக்கு நோய் முழுதாக விலகிவிடும் என்பதால், மாத்திரையைப் பாதியாக்கிப் பார்த்தோம். ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 12க்கு ஏறியது. மறுபடி 75. சுரப்பி முழுமையாக மீளவில்லை, இனி மாத்திரை தொடரத்தான் வேண்டியிருக்கும் என்று சொன்னபோது கொஞ்சம் அழுதார். அம்மாதான் தோளைத் தட்டி, "நான் எத்தனை வருசமா முழுங்குறேன், எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு" என்றார்.

அடுத்த பிள்ளை எப்போது என்று பேச்சு வந்தது. டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருக்கும்போது முயற்சி செய்யலாம். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, டாக்டரைப் பார்க்கும்வரை காத்திருக்காமல், வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக்கிக்கொள்ள வேண்டும், பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். குழந்தையின் மூளை வளர ஆரம்ப மாதங்களில் தாயின் ஹார்மோன்தான் கதி. பிரசவத்துக்குப் பிறகு அளவை மறுபடி பழையபடி குறைக்க வேண்டும்.

அவர் பேனாவை வாங்கி, தடுப்பூசி அட்டையைத் திருப்பி, அதன் பின்பக்கம் தன் பெயரை எழுதி, அடுத்த டெஸ்ட் தேதியையும் "ஏழுக்கு ஒன்பது" என்பதையும் குறித்துக்கொண்டார். கை நடுங்கவில்லை.